மேனேஜர் வீட்டு கிரகப்பிரவேசம்: வெள்ளி விளக்குக்கு ஆளுக்கு 1,500 ரூபாய், இது முறையா?

அம்பத்தூர் கணக்குப்பிள்ளை

வணக்கம். அம்பத்தூர் பக்கம் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேனேஜர் மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். ஒவ்வொருவர் மேஜைக்கும் வந்து பத்திரிகை கொடுத்து, குடும்பத்தோடு வரணும் என்று கூப்பிட்டார். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். எங்கள் சீனியர் ஒருவர், மேனேஜரைச் சேர்க்காமல் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, "சாருக்கு ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு, ஆளுக்கு 1,500" என்று போட்டார். கூடவே ஒரு எக்செல் ஷீட். பெயர், தொகை, பணம் வந்ததா இல்லையா. கொடுத்தவர் பெயருக்குப் பச்சை, கொடுக்காதவருக்கு மஞ்சள். தினமும் சாயங்காலம் புதுப்பித்துக் குழுவில் போடுகிறார். இன்றைய நிலவரப்படி மஞ்சளில் மூன்று பேர்: நான், டிரெய்னியாக வந்த ஒரு பையன், காண்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி செய்கிற ஒரு அக்கா. பிடித்தமெல்லாம் போக அந்தப் பையன் கைக்கு வருவது 14,000 சொச்சம். ஆவடியில் ரூம் வாடகை வேறு.

1,500 ரூபாய் எனக்குப் பெரிய தொகையில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மேலதிகாரிக்குப் பரிசு கொடுப்பதில் எது முறை? கூட்டாகவா, தனியாகவா? எவ்வளவு? கொடுக்காமல் விட்டால் அப்ரைசலில் காட்டிவிடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிராக்டிகல் பாண்டியன்

1,500 ரூபாய்க்கு ஒரு இழையா? கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள் தம்பி. ஊரோடு ஒத்து வாழ்.

ஓய்வூதியன்

பாண்டியன் அவசரப்படுகிறார். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். தனியார் கம்பெனிக்கு எங்கள் விதி பொருந்தாது. ஆனால் இந்தச் சங்கடத்தை யோசித்து எழுதிய விதி ஒன்று உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. அதில் 13-வது விதி பரிசு பற்றியது. சாதாரணமாக ஒரு வேளை சாப்பாடு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது போன்றவை பரிசு ஆகாது. கல்யாணம், காதுகுத்து மாதிரி விசேஷங்களில் நெருங்கிய சொந்தமும், அலுவல் தொடர்பு இல்லாத நண்பர்களும் ஊர் வழக்கப்படி செய்வதை வாங்கிக்கொள்ளலாம். ஒரு அளவுக்கு மேல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றபடி வருகிற பரிசு 'ஏ', 'பி' பிரிவு அதிகாரிக்கு 5,000 ரூபாய்க்கு மேல், 'சி' பிரிவுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. 2019-இல் திருத்துவதற்கு முன் அது 1,500, 500 என்றுதான் இருந்தது. அலுவல் தொடர்பு இல்லாத நண்பர் என்கிறார்கள் பாருங்கள். நம் கீழே வேலை பார்க்கிறவனைவிட அலுவல் தொடர்பு வேறு யாருக்கு இருக்கிறது?

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த விதி, 14. மாற்றலாகிப் போகிறவருக்கும் ஓய்வு பெறுகிறவருக்கும் தனிப்பட்ட முறையில் எளிமையாகப் பிரிவு உபசாரம் செய்யலாம். ஆனால் அதற்குப் பணம் கொடு என்று எந்த ஊழியரையும் எந்த விதத்திலும் நெருக்கக் கூடாது. 'சி', 'டி' பிரிவு ஊழியர்களிடம், அந்தப் பிரிவைச் சேராத அதிகாரியின் உபசாரத்துக்கு வசூலே செய்யக் கூடாது. அதாவது பியூனிடம் காசு வாங்கி டைரக்டருக்கு மாலை போடாதே என்கிறது விதி. நடைமுறையில் எல்லா ஆபீசிலும் வசூல் நடந்தது என்பது வேறு கதை. ஆனால் விதியைத் தெரிந்த செக்‌ஷன் ஆபீசர் ஒருவர் எங்களிடம் இருந்தார். லிஸ்டில் பியூன் பெயரைப் பார்த்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டுத் தன் பெயரில் அந்தத் தொகையைக் கூட்டிப் போடுவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நெல்லைச் சீமை

ஐயா, மாநில அரசிலும் 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. தீபாவளி நெருங்கினால் லஞ்ச ஒழிப்புத் துறை திடீர்ச் சோதனைக்கு வரும். வந்தால் மேஜைக்குக் கீழே இருக்கும் ஸ்வீட் பாக்ஸும் பட்டாசுப் பெட்டியும்கூடச் செய்தியில் வரும். அதனால் அக்டோபர் பிறந்தாலே எங்கள் ஆபீசில் ஸ்வீட் பாக்ஸைக் கண்டாலே தெறித்து ஓடுவார்கள்.

நான் ஊருக்குப் போய் வரும்போது அல்வா வாங்கி வருவேன். ஆபீசருக்குத் தனியாகக் கொடுப்பதில்லை. கொடுத்தால் "ஆபீசருக்கே அல்வா கொடுத்துட்டான்" என்று வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். டீ மேஜையில் கத்தியோடு வைத்துவிடுவேன். அவரும் வந்து ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்.

ஓய்வூதியன்

ஜனவரி 1-ஐ விட்டுவிட்டீர்களே. ஆபீசரைப் பார்க்க வரிசையில் நிற்போம், கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். வெள்ளைக்காரன் காலத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் துரைமார் வீட்டுக்குப் பழக்கூடை போகும், டாலி என்பார்கள். கூடை நிறைய மேலே பழம், அடியில் என்ன என்பது கொடுத்தவனுக்கும் துரைக்கும்தான் வெளிச்சம். எலுமிச்சம்பழத்தில் அந்த வம்பு இல்லை. யார் கொடுத்தாலும் ஒரே பழம். கடைநிலை ஊழியரும் கொடுக்கலாம், டெபுடியும் கொடுக்கலாம். சாயங்காலம் ஊறுகாய் போடுகிற அளவுக்குச் சேர்ந்துவிடும். இப்போது சில கலெக்டர்கள் சால்வை, பூங்கொத்து வேண்டாம், நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு.

பனியன் சிட்டி

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே கதையே வேறுங்க. எங்க முதலாளி வீட்டு விசேஷம் என்றால் கட்டிங் மாஸ்டரிலிருந்து செக்கிங் அக்கா வரைக்கும் போவோம். மொய் எழுதுவோம். யாரும் வசூல் பண்ணுவதில்லை, அவரவர் கவர், அவரவர் வசதி. என் தங்கச்சி கல்யாணத்துக்கு முதலாளி வந்து நான் வைத்ததைப் போல நாலு மடங்கு வைத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். அவங்க வீட்டு விசேஷத்தில் நாங்க பந்தி பரிமாறுவோம், வண்டி பார்க்கிங் பார்த்துக்கொள்வோம். இதைப் போய்க் காக்கா பிடிப்பது என்று சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

வர்ஜீனியாவிலிருந்து

இங்கே என் மனைவி அமெரிக்க மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வருஷா வருஷம் நெறிமுறைப் பயிற்சி உண்டு. மேலதிகாரிக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. விலக்குகள் சில: எப்போதாவது 10 டாலருக்குள் ஒரு பொருள், பணமாக இருக்கக் கூடாது. ஆபீசில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடுகிற பதார்த்தம். வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டால் வழக்கமாகக் கொண்டுபோகிற சின்னப் பொருள். கல்யாணம், குழந்தை பிறப்பு, உடம்பு முடியாமை, ஓய்வு போன்றவற்றுக்குச் சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமான பரிசு. அதற்குக் கூட்டாகப் பணம் சேர்த்தாலும் சின்னத் தொகைதான் கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம்.

சம்பளம் குறைவாக வாங்குகிறவர் அதிகம் வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதுதான் இதன் மையம். மேலே இருப்பவர் கீழே கொடுப்பதற்கு இந்த விதியில் தடை இல்லை. அவள் மேலதிகாரி கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் சாக்லேட் கொடுப்பார். இவள் பதிலுக்கு முறுக்குச் சுற்றிக் கொண்டுபோய்ப் பொதுவில் வைப்பாள்.

மரபு முக்கியம்

அமெரிக்கச் சட்டத்தை மேடவாக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போவதா? புது வீடு, பால் காய்ச்சுகிறார்கள். குத்துவிளக்கு கொடுப்பது மங்களகரமான விஷயம். இதில் எதற்கு லஞ்சம், நெறிமுறை என்று பெரிய பெரிய வார்த்தை?

திருமதி மனிதவளம்

யாரும் வெறுங்கையோடு போகச் சொல்லவில்லையே. பழம், பூ, ஒரு பாக்ஸ் இனிப்பு எடுத்துக்கொண்டு போகலாம். இல்லை, தன் பெயர் எழுதிய ஒரு கவர். இதுதான் மரபு. எக்செல் ஷீட் எந்த மரபில் வருகிறது?

சென்னையில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் எச்.ஆர். வேலை என்னுடையது. எங்கள் நடத்தை நெறிக் கையேட்டில் வெண்டரிடமிருந்து வருகிற பரிசுக்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. இத்தனை ரூபாய்க்கு மேல் என்றால் பதிவேட்டில் எழுது, திருப்பி அனுப்பு என்று எல்லாம் உண்டு. ஊழியர் தன் மேலதிகாரிக்குக் கொடுப்பது பற்றி ஒரே ஒரு வரிதான். பல கம்பெனிகளில் அதுவும் இருக்காது. அதனால் புகார் வரும்போது எங்களுக்கும் கை கட்டித்தான் இருக்கும்.

புகார்கள் எப்படி வருகின்றன தெரியுமா? "மேனேஜர் பரிசு கேட்டார்" என்று இதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை. வருவதெல்லாம் வசூல் செய்தவர் மேல்தான். டீம் லீடாக ஆசைப்படுகிற ஒருவர் முன்னால் நின்று வசூலிப்பார். பரிசைக் கையில் ஏந்தி நீட்டுவதும் அவராகத்தான் இருக்கும். எல்லோர் காசிலும் அவருக்குப் பெயர். மேனேஜருக்குப் பல நேரம் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதே தெரியாது.

பெண்கள் பக்கம் இன்னொன்று உண்டு. மேனேஜர் பெண் என்றால் உடனே பட்டுப் புடவை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு முறை ஆபீசிலேயே வளைகாப்பு. கண்ணாடி வளையலும் ஐந்து வகைச் சாதமும் என்றுதான் பேச்சு. முடிகிறபோது தங்கக் காசில் வந்து நின்றது. பாவம், அந்த அம்மாவுக்கே முகம் வாடிவிட்டது. வாங்கினாலும் தப்பு, மறுத்தாலும் தப்பு.

பிராக்டிகல் பாண்டியன்

அக்கா சொல்வது சரி. ஆனால் திருப்பூர்க்காரர் சொன்ன மொய் நோட்டிலும் பெயர், தொகை எல்லாம் இருக்கிறதே? அது மட்டும் இனிக்குமா? மைக்கிலேயே வாசிக்கிற ஊரெல்லாம் இருக்கிறது.

பனியன் சிட்டி

நல்ல கேள்விங்க. மொய் திரும்பி வருகிற பணம். இன்றைக்கு நான் உங்களுக்கு 500 வைத்தால், நாளைக்கு என் வீட்டுக்கு நீங்க அதற்குக் குறையாமல் வைத்தாகணும். நோட்டு அதற்குத்தான். எங்க முதலாளி இருபது வருஷமாக அதே இடத்தில் இருக்கிறார், நாளைக்கும் இருப்பார், அவர் பையனும் இருப்பான். ஒரு கணக்கு ஓடுகிறது. இவங்க மேனேஜர் ரெண்டு வருஷத்தில் வேற கம்பெனிக்குத் தாவிடுவார். அந்த டிரெய்னி பையன் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கோடு வந்து நிற்பாரா? வரமாட்டார், அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. அப்போ அது மொய் இல்லைங்க, ஒரு வழிப் பாதை.

இன்னொன்று, மொய்யில் எவ்வளவு வைக்கணும் என்று முன்கூட்டி யாரும் ரேட் போடுவதில்லை. 101 வைத்தவனுக்கும் அதே இலை, அதே பாயசம்.

மரபு முக்கியம்

இதை ஒத்துக்கொள்கிறேன். தொகையை நிர்ணயித்ததுதான் உறுத்துகிறது. விளக்கு இல்லை.

நானும் மேனேஜர்தான்

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒருவரும் எழுதவில்லையே என்று வந்தேன். பதினோரு பேர் என் கீழே இருக்கிறார்கள். பரிசு வந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். வயிற்றைக் கலக்கும். அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒவ்வொருவர் சம்பளமும் எனக்குத் தெரியும், இன்கிரிமென்ட் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். விலை உயர்ந்த பொருளைப் பிரிக்கும்போது மனசு தானாக வகுத்தல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இதற்காக நான் வைத்திருக்கிற பழக்கம்: பத்திரிகை கொடுக்கும்போதே "டீமிலிருந்து பரிசு எதுவும் வேண்டாம், கலெக்‌ஷன் நடந்தால் நான் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவேன். இதைப் பொதுவில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். ஒருவரிடம் மட்டும் சொன்னால் "சார் சும்மா பிகு பண்றார்" என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். தீபாவளிக்கு வருகிற ஸ்வீட் பாக்ஸை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பேன்ட்ரியில் பிரித்து வைத்துவிடுவேன். ஆன்சைட் முடித்துத் திரும்புகிறவர்கள் டூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கி வருவார்கள். அதற்கு மட்டும் கறாராக இல்லை என்று சொல்லிவிடுவேன். பாட்டில் வாங்கினால் அடுத்தது பார்ட்டி, அதற்கடுத்தது "சார் நம்ம ஆளு".

கணக்குப்பிள்ளைக்கு என் யோசனை: மேனேஜர் நல்ல மனிதர் என்கிறீர்கள். அவருக்கு இந்த ஷீட் விஷயம் தெரியாமல்கூட இருக்கலாம். நேரே அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள், அது போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். சீனியரிடம் தனியாகப் பேசுங்கள். டிரெய்னியையும் காண்ட்ராக்ட் ஆட்களையும் லிஸ்டிலிருந்து எடுத்துவிடலாம், அட்டையில் மட்டும் எல்லோர் பெயரும் இருக்கட்டும் என்று. அந்தப் பையன் பெயரை அவனே எடுக்கச் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல முடியும்.

ஆடிட்டர் ஆபீஸ்

குறுக்கே ஒரு சின்னத் தகவல். சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் பணமாக வாங்கும் பரிசு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்குகிறவருக்கு அது வருமானம், வரி உண்டு. தன் கல்யாணத்துக்கு வருகிற பரிசுக்கு விலக்கு. கிரகப்பிரவேசத்துக்கு அந்த விலக்கு கிடையாது. கவர் கவராக வாங்குகிற மேனேஜர்கள் கவனிக்கவும்.

வர்ஜீனியாவிலிருந்து

தென்கொரியாவில் 2016-இல் ஒரு சட்டம் வந்தது. அரசு ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் எல்லோருக்கும் சாப்பாட்டுக்கு இவ்வளவு, பரிசுக்கு இவ்வளவு, கல்யாணக் கவருக்கு இவ்வளவு என்று தொகை குறித்துவிட்டார்கள். கவர் வைப்பது அவர்களிடமும் நம் மொய் மாதிரியே ஊறிப்போன வழக்கம். சட்டம் போட்டு உச்சவரம்பு சொன்ன பிறகு, வைக்க வசதியில்லாதவருக்கு "சட்டம் இவ்வளவுதான் அனுமதிக்கிறது" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைத்தது. நம் கம்பெனிகளும் கையேட்டில் ஒரு வரம்பு போட்டால் என்ன?

திருமதி மனிதவளம்

போடலாம். எங்கள் கம்பெனியில் நான் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்: ஆளுக்கு 200-க்கு மேல் கேட்கக் கூடாது, லிஸ்ட் கூடாது, ஒரு கவரை அனுப்பி விருப்பமுள்ளவர் போட்டுவிட்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். இன்னும் ஒப்புதல் வரவில்லை. மேலே ஒருவருக்குப் பிறந்தநாள் நெருங்குகிறது என்று நினைக்கிறேன்.

நெல்லைச் சீமை

200 ரூபாய் என்றாலும் கூட்டாகச் சேர்ந்தால் நல்ல பொருள் வரும். வெள்ளிதான் வேண்டுமா? விற்கிற விலையில் வெள்ளியைத் தொட முடியுமா? கும்பகோணம் பக்கத்தில் நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். தலைமுறைக்கும் நிற்கும். வெள்ளி விளக்கைப் பூட்டி வைப்பார்கள், பித்தளை விளக்கைத்தான் தினமும் ஏற்றுவார்கள்.

அம்பத்தூர் கணக்குப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. சீனியரிடம் டீ குடிக்கும்போது பேசினேன். முதலில் முறைத்தார். "நான் என்ன எனக்கா வாங்குகிறேன்" என்றார். பிறகு, காண்ட்ராக்ட் அக்காவிடம் பணம் கேட்டது அந்த ஏஜென்சி காதுக்குப் போனால் வம்பு என்று சொன்னதும் இறங்கி வந்தார். ஷீட்டைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு 500. பித்தளை விளக்கு என்று முடிவானது. ஏற்கெனவே 1,500 கொடுத்தவர்களுக்கு மீதி இன்னும் வரவில்லை, அது தனி வழக்கு.

என்னைக் கொஞ்ச நாளாக "நீதிபதி" என்று கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை.

பிராக்டிகல் பாண்டியன்

மீதி ஆயிரத்தைக் கேட்டு வாங்குங்கள் நீதிபதி. அது வராவிட்டால் இத்தனை பேர் எழுதியதும் தண்டம்.

புதுசா வந்தவள்

தாமதமாகக் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் மேனேஜர் அடுத்த மாதம் புனே கிளைக்கு மாற்றலாகிப் போகிறார். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். தனியாக ஏதாவது கொடுக்க ஆசை. ஆனால் இந்த வருஷ அப்ரைசலையும் அவர்தான் போட்டுவிட்டுப் போகிறார். இப்போது கொடுத்தால் ஐஸ் வைப்பது மாதிரி இருக்குமா?

ஓய்வூதியன்

இருக்கும் அம்மா. அதனால் அப்ரைசலைப் போட்டு முடித்து, அவர் ரிலீவ் ஆகும் நாள் வரை பொறுங்கள். அன்றைக்குச் சாயங்காலம், லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது கொடுங்கள். அப்போது அவர் உங்கள் மேலதிகாரி இல்லை. நல்ல பேனாவோ புத்தகமோ போதும், கூட நாலு வரி கையால் எழுதிக் கொடுங்கள். அவர் சொல்லிக் கொடுத்ததில் எது உங்களுக்கு உதவியது என்று குறிப்பாக எழுதுங்கள், "தங்கள் மேலான வழிகாட்டுதல்" என்கிற பாட்டெல்லாம் வேண்டாம். சால்வை மட்டும் வாங்கிவிடாதீர்கள். என்னிடமே பீரோவில் ஒரு தட்டு நிறையக் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லவும்.